டப்பா கழுவித் தரப்படும்

கொதிக்கக் கொதிக்க ஒரு லிட்டர் சூப்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைத் திருகி, ரப்பர் பேண்டால் மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டாவது மாடியிலிருந்து கீழே போட்டாலும் ஒரு சொட்டு ஒழுகாது. அந்த மனிதர் போடும் முடிச்சு அப்படிப்பட்டது. இரண்டாவது மாடி கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். முதல் மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒரு படி இறங்க மாட்டேன்.

பத்தொன்பது வருஷமாக ஒரே சாப்பாட்டுக் கடையின் பார்சல் கவுண்டரில் நின்றவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'முடிச்சு'. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை விட்டு வருகிற கூட்டம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி நேராக அவர் முன்னால் வந்து நிற்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ரப்பர் பேண்டுகள் அடுக்கியிருப்பார். இடது கை பையை விரிக்கும், வலது கை கரண்டியைச் சாய்க்கும். அடுத்தவர் வாயைத் திறந்து கேட்பதற்குள் முந்தியவரின் பொட்டலம் கவுண்டரில் உருண்டு நிற்கும்.

அந்த முடிச்சுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

ஒரு பெருமழையில் கடைக்குப் பின்னாலிருந்த சாக்கடை அடைத்துக்கொண்டு, சமையல்கட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. மாவு மூட்டைகள் மிதந்தன. நகராட்சி ஆட்கள் நீளக் கம்பியால் குத்தி இழுத்தார்கள். வந்ததெல்லாம் பைகள், ஜனங்கள் வாங்கிக் குடித்துவிட்டுத் தெருவில் எறிந்தவை. பை கிழிந்திருந்தது, முடிச்சு மட்டும் அவிழவே இல்லை. சுகாதார ஆய்வாளர் ஒன்றை நகத்தால் பிரித்துப் பார்த்துத் தோற்றுப்போனார்.

"யாருங்க போட்டது இது? கல்லு மாதிரி இருக்கு."

முடிச்சு அரை அடி பின்னால் நகர்ந்தார். கடை முழுக்க அவரையே பார்த்தது.

"இன்னொரு தடவை இங்க பை கெடைச்சா கடைக்குப் பூட்டுதான்," என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போனார்.

மறுநாளே முதலாளியம்மா பைக்கட்டுகளைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், பூமியைக் காப்போம், பாத்திரம் கொண்டு வாருங்கள்' என்று ஓர் அறிவிப்பு தொங்கியது. மழையில் நனையக் கூடாதே என்று அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருந்தார்கள்.

வந்தவர்கள் நிதானமாகப் படித்தார்கள். நல்ல விஷயம் என்று தலையாட்டினார்கள். பிறகு, "சரிண்ணே, எதுல கட்டித் தருவீங்க?" என்றார்கள். வெறுங்கை முழம் போடுமா? இல்லையென்றதும் முனையிலிருந்த இன்னொரு கடைக்கு நடந்தார்கள். அங்கே பை கொடுத்தார்கள். இரண்டு பேர் மட்டும் சொன்ன சொல் தட்டாமல் பாத்திரம் கொண்டு வந்தார்கள். வழியில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டு வந்தார்கள்.

பத்து நாளில் ஆறு மணிக் கூட்டம் கரைந்தது. முதலாளியம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். ஆள் திரும்பலைன்னா கவுண்டரை மூடிடலாம்னு இருக்கேன். உங்களுக்கு வேற எங்கயாச்சும் சொல்லி விடறேன்."

வேறு எங்கே? ஐம்பதை எட்டிய மனிதர். தெரிந்தது ஒரே வித்தை, அதுவும் இப்போது குற்றம். தையல் பட்டறையில் வேலை பார்க்கும் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைதான் சும்மா இருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் ஜன்னல் திரை, துண்டு, அவள் அளவுநாடா, அகப்பட்டதையெல்லாம் முடிச்சுப் போட்டது. அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்து வைத்தாள்.

மாசம் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு பஸ் கண்டக்டர் அம்மா வந்தார். பழைய வாடிக்கை. தோள்பையைக் கவுண்டரில் வைத்தார். டங் என்று சத்தம் வந்தது.

"ஒரு சூப்பும் சோறும் குடுங்கண்ணே."

"பாத்திரம் இருக்காம்மா?"

"விசில் ஊதி டிக்கெட் கிழிக்கறவ பாத்திரம் தூக்கிட்டா வருவேன்?"

"பையில என்னமோ டங்குன்னுச்சே."

கண்டக்டர் அம்மா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அது மத்தியானம் சாப்பிட்ட டப்பாண்ணே. கழுவல. தெறந்தா உங்க கடை காலியாயிடும்."

"ஏற்கெனவே காலிதான். குடுங்க."

வாங்கித் திறந்தார். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கொதிக்கிற வெந்நீரும் சோப்பும் போட்டு, பத்தொன்பது வருஷப் பழக்கத்தின் வேகத்தில் தேய்த்து, துடைத்து, ஓர் அடுக்கில் சோறும் இன்னோர் அடுக்கில் சூப்புமாக நிரப்பி நீட்டினார்.

அந்த அம்மா மூடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். "எங்க வீட்டுல இது இந்த நிறம்னே எனக்குத் தெரியாது. தினம் கழுவுவீங்களா?"

"கழுவறேன்."

"பாத்துச் சொல்லுங்க. எங்க டிப்போல எல்லார் டப்பாவும் இதே கதிதான்."

அப்போதுதான் முடிச்சுக்கு உறைத்தது. ஆறு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவர் பையிலும் ஒரு காலி டப்பா இருக்கிறது. பாத்திரம் இல்லாமல் யாரும் வரவில்லை. அழுக்கைக் காட்ட வெட்கப்பட்டுத்தான் இல்லையென்கிறார்கள்.

மறுநாள் கவுண்டர் ஓரம் ஒரு தொட்டியும் வெந்நீர்க் குழாயும் வந்தன. பழைய அறிவிப்பைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் கையால் எழுதினார்: 'டப்பா கழுவித் தரப்படும்.'

பூமியைக் காப்பாற்றக் கூப்பிட்டபோது அசையாத ஜனம், டப்பா கழுவும் வேலை மிச்சம் என்றதும் ஓடி வந்தது. முதல் நாள் கண்டக்டர் அம்மா ஐந்து பேரை விசில் ஊதாத குறையாக ஓட்டி வந்தார். ஒரு வாரத்தில் வரிசை வாசலைத் தாண்டியது. முனைக்கடைக்காரரே ஒரு நாள் தன் டப்பாவைக் கொடுத்தனுப்பியதாகவும் பேச்சு.

மாசக் கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது. முடிச்சு கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினார். குடை பிடித்துக்கொண்டு முதலாளியம்மா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். இரண்டு பேரும் சாக்கடையைப் பார்த்தபடி நின்றார்கள். தண்ணீர் ஏறியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு கடகடவென்று இறங்கி ஓடியது.

"நாளைக்குச் சீக்கிரம் வாங்க," என்றார் முதலாளியம்மா. "இன்னொரு குழாய் போட ஆள் வருது. ஒரு குழாய் உங்களுக்குப் பத்தல."

போன உயிர் திரும்பி வந்தது போல முன்பக்கம் வந்தார். வரிசையில் ஐந்தாவதாக அவர் மனைவி, கையில் பட்டறை டப்பாவோடு நின்றிருந்தாள்.

"கழுவித் தருவீங்களாமே. பட்டறை பூரா இதே பேச்சு. எனக்குத்தான் வீட்டுல யாரும் சொல்லல."

"மாசம் முடியட்டும்னு இருந்தேன்," என்றார் அவர். அவள் டப்பாவை மட்டும் மற்றவற்றை விட ஒரு நிமிஷம் கூடுதலாகத் தேய்த்தார்.

மனசு லேசாகிவிட்டால் வாய் நிற்குமா? வரிசையில் அடுத்து நின்ற கண்டக்டர் அம்மாவிடம் தன் பழைய பெருமையை எடுத்துவிட்டார். "அந்தக் காலத்துல நான் கட்டின பொட்டலத்தை ரெண்டாவது மாடியிலேருந்து போட்டிருக்காங்கம்மா. ஒரு சொட்டு ஒழுகல."

"மாடியெல்லாம் இல்லீங்க," என்றாள் மனைவி, டப்பாவை வாங்கிக்கொண்டே. "இதோ, இந்தக் கவுண்டர்லேருந்துதான் விழுந்துச்சு. முடிச்சு அவுரல, அது நிஜம். பை கிழிஞ்சு சூப்பு பூராவும் என் செருப்புல. நான் அன்னிக்குத்தான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்திருந்தேன். இவரு குழாயடியில உக்காந்து செருப்பைக் கழுவிக் குடுத்தாரு. அப்பவே நல்லாத்தான் கழுவினாரு."