மருமகன் தொடாத மீன் ஆணம்

எழுத்து எனக்குக் கைவந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சில பேர்களும் மறந்துபோயின, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வெள்ளைக் குழிப் பீங்கானும் அதில் ஆவி பறந்த செம்மஞ்சள் ஆணமும், அதாவது மீன் குழம்பும், இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

பிரான்சில், மார்சேய் என்ற துறைமுக ஊரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். பார்க்க என்று சொன்னது பாதிதான். மருமகன் அங்கே போய்க் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ஒரு கதை. உண்மையென்றால் மகளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்ற எண்ணத்தில்தான் விமானம் ஏறினேன்.

அந்த ஊரின் பழைய மீன் ஆணத்துக்கென்றே கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடை. மகள் ஆசைப்பட்டாளென்று மருமகன் கூட்டிப்போனார். மேசையில் வைன் கிளாஸ்கள் வரிசையாக நின்றன. மருமகன் பரிமாறுகிறவனின் காதில் என்னவோ சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே அவற்றை எடுத்துப்போனான். இங்கே வந்து குடித்து முன்பே பழக்கம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகனோடு நான் நேரே கதைக்கிறதில்லை. எங்கள் பக்கத்து மாமிமாருக்கு அந்த வெட்கம் உண்டு. ஒரு முழத் தூரத்தில் அவர் இருந்தும் மகளிடம்தான் கேட்டேன்.

"ஆணத்துக்குள்ள அது ஊத்தியிருக்கா எண்டு கேளு புள்ள."

அவரும் மகளைப் பார்த்தே சொன்னார். "மாமிட்ட சொல்லு, ஊத்த வேணாமெண்டு நேத்தே வந்து சொல்லிட்டன்."

"எனக்கென்ன, நடுவுல தபால் கந்தோர் வேலையா?" என்றாள் மகள்.

முகர்ந்தேன். பெருஞ்சீரகம் மணத்தது, அதற்கடியில் வேறேதோ. கடைக்கண்ணால் பார்த்தால் மருமகன் கரண்டியைத் தொடவேயில்லை, பாண் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துதான் என் கண்முன்னால் தொடப் பயப்படுகிறார் என்று தீர்மானித்துக்கொண்டேன். நானும் தொடவில்லை. ஆணம் ஆறிப்போயிற்று. குசினியிலிருந்து சமைக்கிற மதாமே வந்து, இடுப்பில் கைவைத்து, உப்பு ஏதும் பிழையா என்று கேட்டாளாம்.

மகளுக்குச் சிரிப்புப் பொறுக்கவில்லை. "உம்மா, உங்கட முன்னுக்குச் சாப்பிட அவருக்கு வெட்கம். நம்மட வீட்டுல எட்டு வருசம் இருந்தாரே, ஒரு வாய் திண்டதைக் கண்டிருக்கீங்களா?"

கண்டதில்லைதான். சோற்றை வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுகிறவள்.

கதிரையைக் கடல் பக்கமாகத் திருப்பிக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு கரண்டி பீங்கானில் பட்டது. பிறகு நானும் குடித்தேன்.

மகளைக் கூட்டிவரவில்லை. கதை கட்டினவர்களுக்கும் ஊரில் வந்து நல்லபடி சொல்லிவிட்டேன். இப்போது பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண், பெருஞ்சீரகம் மணக்கிற சாராயமொன்றை அந்த ஆணத்தில் ஊற்றுவார்கள் என்கிறாள். மருமகன் சொன்னதை நம்புகிறேன். ஆனால் இடுப்பில் கைவைத்து நின்ற அந்த மதாம், பிறர் சொல்லைக் கேட்டுச் சமைக்கிறவளாகத் தெரியவில்லை. மருமகனிடம் திரும்பக் கேட்டால் இரண்டாம் தரமும் சந்தேகப்பட்டதாகிவிடும். அந்தச் சமையல் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்து எனக்கு மட்டும் சொல்லுங்கள். மகள், மருமகன் இருவர் காதுக்கும் போகவேண்டாம்.