பலகைத் தடுப்பை எடுத்த வருஷம்

நேற்றுக் காலைக் காப்பியில் சிமெண்டுத் தூசி. ஒரு வாய் குடித்ததுமே பல்லில் நறநறத்தது. என் மகன் வீட்டைப் புதுப்பிக்கிறான். சமையலறைச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்க்கிறானாம். "தஞ்சோங் கிளிங்ல ரெண்டு வாரம் ஹோட்டல் போட்டுத் தர்றேன்மா, கடலைப் பாத்துக்கிட்டு இருங்கலா. இந்தத் தூசில என்னத்துக்குக் கஷ்டப்படணும்?" என்றான். நான் நகரவில்லை. வேலை நடக்கும் வீட்டில் குடியிருப்பதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, தூசி விழுந்த காப்பியையே குடித்து முடித்தேன். கிழவிக்கு ரோசம் அதிகம். ஆனால் அந்த நறநறப்பு என்னை நேராக, மலாக்கா டவுனுக்கு வெளியே ரெம்பியாவில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது.

அது மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். எனக்குப் பத்தொன்பது வயது. பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஆறு கஜச் சேலையும் கைக்குடையுமாக நான் நடந்துபோன மிடுக்கை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர். ரப்பர்க் காட்டு ரோட்டில் தினமும் சைக்கிளில் போய்வருவார். எங்கே எப்போது சுடுவார்கள் என்று தெரியாத ரோடு அது. பார்த்தவர்களெல்லாம், "மலாக்கா டவுனுக்குப் போயிடுங்க, ஐயா. வயசுப் பிள்ளைய வெச்சுக்கிட்டு இங்க என்ன?" என்றார்கள். அப்பா டவுனில் ஒரு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். அம்மாதான் அசையவில்லை.

அண்ணனுக்காகத்தான். ஜப்பான்காரன் காலத்தில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அண்ணனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்குப் பதினேழு வயது. "மூணே மாசம்மா, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினான். சண்டை முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அம்மா நடந்தாள். பார்த்தேன் என்று சொன்னவரும் இல்லை, இறந்தான் என்று சொன்னவரும் இல்லை. ஒன்பது வருஷம் ஆகியும் அம்மா ஒரே பேச்சாக இருந்தாள். "வந்தான்னா நேரா இந்த வீட்டுக்குத்தான் வருவான். பூட்டிக் கெடந்தா அவன் எங்கன்னு போயித் தேடுவான்?" செத்துப்போயிருப்பான் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நினைத்திருப்போம்.

வீடு மாற வழியில்லை, இருந்த வீட்டையோ கரையான் தின்றுகொண்டிருந்தது. கூடத்துக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவில் இருந்த பலகைத் தடுப்பைத் தட்டினால் மாவு கொட்டியது. போதாக்குறைக்கு எனக்குக் கல்யாணப் பேச்சு வேறு. கோலா சுங்கை பாருவிலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சரி, உள்ளே இருந்துகொண்டே வீட்டைச் சரிசெய்துவிடலாம் என்று அப்பா முடிவெடுத்தார். தடுப்பை எடுத்துவிட்டுக் கூடத்தைப் பெரிதாக்குவது, தரைக்குச் சிமெண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு.

ஆறு வாரம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! இன்றைக்கு அறையில் சமையல், நாளைக்கு அடுப்பு பின்வாசலில். தரை காயும்வரை பலகைமேல் கழைக்கூத்தாடிபோல நடந்தோம். தலையில் சுண்ணாம்போடு பள்ளிக்குப் போய், பிள்ளைகள் "டீச்சருக்கு நரைச்சிருச்சு" என்று கத்திய கதையும் உண்டு. வேலைக்கு வந்தவர் மாரிமுத்து அண்ணன். கம்பிவேலி போட்ட தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வருவார். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூட எடுத்துவர விடமாட்டார்கள். கேட்டில் மடியை அவிழ்த்துக் காட்டிவிட்டு வெறும் கையோடு வந்து நிற்பார். ரேஷன் அரிசியில் அம்மா அவருக்கும் சேர்த்து உலை வைப்பாள். தூசி விழாமல் இருக்க அவர் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே இருப்பாள். இப்படி யாராவது தன் பிள்ளைக்கும் போடமாட்டார்களா என்று நினைத்தாளோ என்னவோ, நான் கேட்டதில்லை.

அந்தத் தடுப்பில்தான் எங்கள் வீட்டுப் படங்கள் தொங்கின. முருகன், தாத்தா, தாத்தாவுக்கு வலப்பக்கம் சித்தப்பா, இந்தக் கோடியில் அறை வாசலை ஒட்டி அண்ணன். சித்தப்பா நான் பிறக்குமுன்பே மலேரியாவில் போனவர். சாமிக்கும் செத்தவர்களுக்கும் மாலை உண்டு. அண்ணன் படத்துக்குக் கிடையாது. உயிரோடு இருப்பவன் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? அம்மா தினமும் அதைத் துடைப்பாள், அவ்வளவுதான். இதில் ஒரு விஷயம்: அண்ணன் படம் எடுத்துக்கொள்ள மலாக்கா ஸ்டூடியோவுக்குப் போனபோது சித்தப்பா விட்டுப்போன கோட்டைத்தான் மாட்டிக்கொண்டு போனான். சித்தப்பாவும் அதே கோட்டில் அதே ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டவர். சாயலும் ஒன்று, சட்டமும் ஒன்று.

தடுப்பைப் பிரித்தபோது பழைய மாலைகளைக் கழற்றிவிட்டுப் படங்களைப் பெட்டிக்குள் வைத்தோம். பெண் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றைப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மாட்டும் வேலையை நானாகவே ஏற்றுக்கொண்டேன். மலாக்காவிலிருந்து மூன்று ஜரிகை மாலைகள் வாங்கி வந்திருந்தேன். வருகிறவர்கள் கண்ணில் கூடம் பளிச்சென்று பட வேண்டும். என் கவலையெல்லாம் அதுதான். பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், ஊரடங்குக்கு முன்னால் வீடு திரும்ப வேண்டுமே என்று பயந்து ஒன்பது மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள். நான் முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிகளில் சுண்ணாம்புத் தூள். மடமடவென்று நான்கையும் மாட்டி, மூன்று மாலைகளையும் போட்டுவிட்டுச் சேலை மாற்ற உள்ளே ஓடினேன்.

அம்மா காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்து, "இந்தத் தம்பி யாருக்கா? ரொம்பச் சின்ன வயசா இருக்கே. எப்பத் தவறிப்போச்சு?" என்று கேட்டார். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. சித்தப்பா வெறும் சட்டத்துக்குள் இருந்தார். மாலை அண்ணன் படத்தில் தொங்கியது.

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அம்மா சுவரைப் பார்த்தாள். அவன் உயிரோடு இருக்கிறான், பெண் தெரியாமல் போட்டுவிட்டாள் என்று சொன்னால் என்ன ஆகும்? பெண் பார்க்க வந்த நாளில், உயிரோடு இருக்கும் கூடப்பிறந்தவனுக்கு மாலை போட்ட பெண்ணை எந்த வீட்டில் எடுப்பார்கள்? அந்த அம்மா அப்போதே கும்பிடு போட்டுவிட்டு எழுந்துபோயிருப்பார். இது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது.

தட்டை மேசையில் வைத்தாள். "என் மூத்த மவன். சயாமுக்குப் போனவன். அங்கயே போய்ச் சேந்துட்டான்" என்றாள். "நீங்க காப்பி எடுத்துக்குங்க. பொண்ணு ஸ்கூல்ல டீச்சரா வேலை பாக்குது."

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கார் திரும்பியதும் நான் அழுதுகொண்டே முக்காலியை இழுத்தேன், மாலையைக் கழற்ற. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"விடு. ஒருதரம் சொல்லியாச்சு. அவங்க திரும்பவும் வருவாங்க."

பிறகு என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள், "அவன் மொகம் ஒனக்கு மறந்து போச்சாடி?"

தூசி, அவசரம், ஒரே கோட்டு என்று சொல்லக் காரணங்கள் இருந்தன. ஆனால் அம்மா கேட்டதுதான் உண்மை. ஒன்பது வருஷமாக அறை வாசலை ஒட்டித் தொங்கும் படம் அண்ணன் என்றுதான் எனக்குத் தெரியும். தடுப்பைப் பிரித்ததும் எது அண்ணன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அம்மா அன்று அழவில்லை. மறுநாள் அரிசி களையும்போது அழுதாள். பின்கட்டில் மிச்ச வேலையாக இருந்த மாரிமுத்து அண்ணன் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

சாவு என்று சொன்னபின் திதி கொடுக்க வேண்டுமே. அப்பா கோயில் குருக்களிடம் போனார். இறந்த நாள் தெரியாவிட்டால் சேதி வந்த நாளை வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். எங்கள் வீட்டுக்குத் தந்தியா வந்தது, கடிதமா வந்தது? எங்களுக்குச் சேதி வந்தது அம்மாவின் வாயிலிருந்துதான். "அந்த ஞாயித்துக்கெழமையவே வெச்சுக்குங்க" என்றாள். என்னைப் பெண் பார்த்த நாளே அண்ணன் திதி ஆயிற்று.

என் கல்யாணம் முடிந்த வாரமே அம்மா அப்பாவிடம் கேட்டாளாம், "ஏங்க, டவுன்ல பாத்த அந்த வீடு இன்னும் காலியா இருக்கா?" புதுச் சிமெண்டு மினுமினுப்பு ஏறுமுன் அவர்கள் ரெம்பியாவை விட்டுப் போய்விட்டார்கள். அதன்பின் அந்த வீட்டுப் பேச்சை அம்மா எடுத்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் தங்கமானவர். நடந்ததை அவரிடம் சொல்லவே எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. இன்று அவரும் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது ரெம்பியா வீடும் போயிற்று. அம்மா, தான் கண் மூடினால் அண்ணன் படத்தைத் தன் நெஞ்சில் வைத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். அப்படியே செய்தோம். வேறு படம் கிடையாது. அண்ணனை நேரில் பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். எனக்கோ அவன் முகம் ஞாபகம் இல்லை.