கலப்பையை இறக்காமல் பார்த்த எண்ணெய்

"…வூட்டுக்கு வந்தப்ப வாயில வாசனையே இல்லிங்கண்ணா. பிரேக் புடிக்கலனு புள்ள தலைல அடிச்சு சத்தியம் பண்றாரு. ஊரே குடிச்சுட்டு ஓட்டினாருன்னுது. வண்டியப் பிரிச்சுப் பாத்தது நீங்கதான். நீங்களே சொல்லுங்க, பிரேக் நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

பொய். பிரேக் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அந்த எண்ணெயை ஊற்றியவன் நான். துடைத்து மறைத்தவனும் நான்தான்.

கேட்டவள் செல்வி, டிரைவர் ஏழுமலையின் மனைவி; மகளோடு வந்திருந்தாள். கேட்ட இடம், திருவண்ணாமலைக்கு வெளியே திண்டிவனம் ரோட்டில் இருந்த என் டிராக்டர் பட்டறை. தொண்ணூறுகளின் கடைசி... அன்று முதல் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது என்ற தைரியமோ என்னவோ.

நான் தொழிலை எங்கும் போய்ப் படித்தவன் இல்லை. பிரித்துப் பிரித்தே கற்றவன். மனிதர் பேச்சைக் கேட்பதென்றால் எனக்குச் சோறு வேண்டாம். பட்டறைக்கு வருகிறவர் ருசியாக ஒன்று சொன்னால், அதை நாலு பேரிடம் சொல்லி முடிக்கும்வரை தூக்கம் வராது. அந்த ருசிதான் என் கண்ணை மறைத்தது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரம் செய்த ஒருவரின் சின்ன டிராக்டரை ஏழுமலை கொண்டுவந்திருந்தான், ஹைட்ராலிக் எண்ணெய் பார்க்க. கலப்பையைத் தூக்கி நிறுத்துவதும், பின்சக்கர அச்சுப் பெட்டியில் ஓடுவதும் அந்த எண்ணெய்தான். அதைப் பார்க்க ஒரு முறை உண்டு. கலப்பையைத் தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, அளவுக் குச்சியைத் துடைத்து விட்டுப் பார்க்க வேண்டும். கலப்பை மேலே நின்றால், எண்ணெயில் ஒரு பங்கு அதைத் தாங்கப் போயிருக்கும். குச்சி குறைவாகக் காட்டும். இதை எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன்!

ஏழுமலை அன்று சந்தோஷமாக இருந்தான். குடியை விட்டு எட்டு மாதம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றினான். கோபித்துக்கொண்டு செஞ்சியில் தாய்வீட்டில் இருந்த செல்வி, மகளோடு திரும்பி வந்துவிட்டாள்.

"இப்பல்லாம் எம்பொண்ணு ஓடியாந்து வாய மோந்து பாக்குது மேஸ்திரி. பாஸ் ஆனாத்தான் உள்ள வுடுது" என்றான்.

சிரித்துக்கொண்டே குச்சியைப் பார்த்தேன். கலப்பை தூக்கியபடியே நின்றது, நான் கவனிக்கவில்லை. குறைவு என்று ஊற்றினேன்... பேச்சு ருசியில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

கலப்பையை இறக்கியபின் அவன்தான் குச்சியை எடுத்தான். "இன்னா மேஸ்திரி, ஜாஸ்தியா கீதே?"

"இருந்துட்டுப் போவட்டும்பா. வண்டிக்குத் தொப்பையா போட்டுடும்?"

அவனும் சிரித்தான். வடித்திருக்கலாம். கால்மணி நேர வேலை. என் தப்பை ஒரு டிரைவர் கண்டுபிடித்தது எனக்குப் பிடிக்கவில்லை... அதுதானா? இன்றைக்கு யோசித்தால் அப்படித்தான் படுகிறது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் மூட்டை ஏற்றி வந்த வண்டி, ஏரிக்கரைச் சரிவில் நிற்காமல் ஓடி ஒரு டீக்கடைச் சுவரில் மோதியது. யாருக்கும் அடியில்லை. சுவரும் வண்டியின் முகப்பும் போயின. ஏழுமலையின் பழைய பழக்கம் எல்லோருக்கும் நினைவிருந்தது. முதலாளி மறுபேச்சில்லாமல் அவனை வேலையைவிட்டு அனுப்பினார்.

வண்டி என்னிடம் வந்தது. பின்சக்கரத்தைக் கழற்றினேன். மிஞ்சிய எண்ணெய், அச்சில் அதைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் நைந்துபோய், அதன் வழியே கசிந்து பிரேக் முழுவதும் பளபளத்தது. பெட்ரோல் விட்டுக் கழுவினேன். சீலை மாற்றினேன். அதிகமானதை வடித்தேன். முதலாளி கேட்டபோது, "பிரேக்ல ஒண்ணுமில்லிங்க" என்றேன்.

ஏன்? சான்றிதழ் இல்லாத மெக்கானிக்குக்குப் பேர்தான் சோறு. அது கெட்டால் யார் என்னிடம் வண்டி விடுவார் என்ற பயம். ஏழுமலைக்கும் பேர்தான் சோறு என்பது எனக்கு உறைக்கவில்லையா? உறைத்தது. உறைத்தும் சொன்னேன்.

பிறகு அவன் நிஜமாகவே குடிக்க ஆரம்பித்தான். "அன்னிக்கே சொன்னமே" என்றார்கள். நானும் தலையாட்டினேன். இப்போதும் வழியில் கண்டால், "மேஸ்திரி, நல்லா கீறீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறான். பிடித்த கையை உடனே விடமாட்டான். அந்த நேரம் போதும், சொல்லிவிட... நேற்றும் சொல்லவில்லை.

அன்று பட்டறையில் செல்வி என் பதிலைக் கேட்டு அழவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா" என்றாள். ஏழுமலை அப்போது வேறு வேலை தேடி வேங்கிக்கால் பக்கம் போயிருந்தான். இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து, துடைக்காத என் கையில் வைத்தாள்.

"அவரு வந்தா குடுத்துடுங்க."

மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து, செஞ்சி பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.