கர்னலுக்கு வலிக்கவில்லை

வலிக்குது என்று எவனாவது சொன்னால் ஜெயராஜுக்குச் சிரிப்பு வரும். இரக்கம் வராது, கோபம்கூட வராது. மூக்கால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஒரு பெரிய தொழிற்சாலையில் ஆட்களின் வருகை, லீவுக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, மெடிக்கல் லீவு கேட்டு வந்தவர்களை விரட்டி விரட்டியே ரிட்டயர் ஆன மகானுபாவர். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று ஒருவன் வந்து நின்றால், பேசிக்கொண்டே தன் பேனாவைத் தரையில் நழுவ விடுவார். வந்தவன் பாவம், மரியாதைக்குக் குனிந்து எடுத்துக் கொடுப்பான்.

"குனிய முடியுதில்ல? போ, போய் மெஷின்ல நில்லு."

எடுத்துக் கொடுக்காமல் நிற்பவன் இருக்கிறானே, அவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். ஆக, எவனும் தப்பிக்க முடியாது. இந்தப் பேனா வித்தையை என்னமோ தானே கண்டுபிடித்த மருந்து மாதிரி, தான் குடியிருக்கும் காக்ஸ் டவுனில் ஒவ்வொரு கல்யாண விருந்திலும் அளந்துகொண்டிருப்பார். "நெஜமான வலின்னா ஊருக்கே கேக்கும். கேக்கலன்னா நடிப்பு" என்று முடிப்பார். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தாலே ஜனங்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். மனைவி டோரதிக்கு நகர வழியில்லை. தலைவலி என்று இவரிடம் சொல்வதை அவள் கல்யாணமான புதிதிலேயே நிறுத்திவிட்டாள். மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

உலகத்தில் இந்த மனிதரைப் பிடித்திருந்த ஒரே ஜீவன் கர்னல். கர்னல் ஒரு நாய். பாதி லாப்ரடார், மீதி காக்ஸ் டவுன் மார்க்கெட் தெரு. மகள் கேரல் மெல்போர்னுக்குக் குடித்தனம் போகும்போது விட்டுவிட்டுப் போனது. தோட்டத்துக் குழாயடியில் ஜெயராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு பேனாக் கதையை முழுசாகக் கேட்கும். எழுந்து போகாது. அதற்காகவே அதன்மேல் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோட்டு சூட்டோடு நேரே கறிக்கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய மாட்டுக் கால் எலும்பாகப் பார்த்து வாங்கி வருவார். உடைக்காமல், வேக வைக்காமல், முழுசாகக் கொடுப்பார். கர்னல் அதைக் கடிக்கும் சத்தம் கேட்டில் நிற்பவர்களுக்குக் கேட்கும்.

"பல்லா இரும்பா பாரு!" என்பார், தானே கடித்தது போல.

அந்தக் கர்னல்தான் ஈஸ்டருக்கு முன்னால் ஒரு காலையில் உர்ரென்றது. இவர் வழக்கம் போல அதன் இரண்டு கன்னத்தையும் பிடித்து உலுக்கிக் கொஞ்சப் போனார். நாய் முகத்தைத் திருப்பியது. இவர் விடுவாரா? இன்னும் இறுக்கிப் பிடித்தார். கர்னல் பல் படாமல், காற்றைக் கடித்து ஒரு அதட்டல் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஏய்! யாருகிட்ட?" என்றார் ஜெயராஜ். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொண்டதைப் பார்க்க டோரதி மட்டும்தான் இருந்தாள், அவள் பார்க்காதது மாதிரி இருந்தாள்.

நம் ஆள் சும்மா இருப்பாரா? விசாரணை தொடங்கிவிட்டது. பேனா போட்ட கை அல்லவா? ஒரு பிஸ்கட்டை எடுத்து முற்றத்தின் அந்தக் கோடிக்கு வீசினார். கர்னல் ஓடிப் போய் லபக்கென்று விழுங்கிவிட்டு வந்து வாலை ஆட்டியது.

"பாத்தியா? ஓடுது, திங்குது, வால ஆட்டுது. வலியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கொழுப்பு."

"அது மெல்லவே இல்லங்க, அப்படியே முழுங்குது" என்றாள் டோரதி. "சோறு தின்னும்போதுகூட தலைய ஒரு பக்கமா சாச்சுக்கிது. வாய் வேற நாத்தம் அடிக்குது."

"நாய் வாயில மல்லிப்பூ வாசமா வரும்? போடி, போய் வேலையப் பாரு."

போனாள். சொன்னதைக் கேட்கிற மனிதராக இருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லையே.

அதற்குப் பிறகு கர்னலுக்கு நடந்ததெல்லாம் ஆபீஸ் தண்டனை. முதலில் எச்சரிக்கை, அதாவது சுருட்டிய செய்தித்தாளால் மூக்கின் மேல் ஒன்று. அந்த மூக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது விஷயம், ஆனால் அதைத் தெரிந்துகொள்ளத் தொட்டுப் பார்க்க வேண்டும், அடித்துப் பார்த்தால் எப்படித் தெரியும்? அடுத்தது சஸ்பென்ஷன். வீட்டுக்குள் வரக் கூடாது, கொல்லைப்புறத்தில் சங்கிலி. அங்கே அது சுவரில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சுண்ணாம்பைப் பெயர்த்தது. சுவரைக் கெடுத்ததற்கு இன்னொரு தண்டனை. ஞாயிற்றுக்கிழமை எலும்பைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்தது.

"ஓஹோ, உண்ணாவிரதமா? இந்த யூனியன் வேலையெல்லாம் எங்கிட்ட நடக்காது" என்றார் ஜெயராஜ். அடேங்கப்பா, நாய்க்கு யூனியன் வைத்துக் கொடுத்த முதல் ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும்.

ஃபிரேசர் டவுனிலிருந்து நாய்க்குப் பழக்கம் சொல்லிக் கொடுக்கிறவன் என்று ரயான் என்றொருவன் வந்தான். கொண்டை போட்டவன், இடுப்பில் ஒரு பை, பையில் கோழி ஈரல். நாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், தொடவில்லை. "அங்கிள், இந்த வீட்டுக்கு அவன்தான் பாஸ்னு நெனச்சிட்டு இருக்கான். அந்த நெனப்ப மாத்தணும்" என்றான். ஜெயராஜ் முகம் மலர்ந்துவிட்டது. தான் நினைத்ததையே இன்னொருத்தன் ஸ்டைலாகச் சொன்னால் அவன் கெட்டிக்காரன் இல்லாமல் வேறென்ன? இரண்டு முட்டாள்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். கெடுத்தது வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் தியோடர். நல்ல மனிதர், குண்டான மனிதர், எந்த வீட்டுக்குப் போனாலும் குழந்தை, கோழி, நாய் எல்லாவற்றின் தலையிலும் கை வைப்பார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே கொல்லைப்புறம் வரை போனார். "கர்னலுக்கும் ஆசீர்வாதம் வேணாமா?" என்று குனிந்து அதன் கன்னத்தைத் தட்டினார். அங்கியின் கை கிழிந்தது. சதையில் பல் படவில்லை, படாமல் கிழித்ததுதான் அந்த நாயின் மரியாதை. ஃபாதர் சிரித்துக்கொண்டே "பரவால்ல, பரவால்ல" என்றார். கூட வந்த, பூசையில் உதவும் பீடச் சிறுமிகளும் கோயில் பங்குச் செயலாளரும் சிரிக்கவில்லை. சாயந்திரத்துக்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெயராஜ் வீட்டு நாய் சாமியாரையே கடித்துவிட்டது, அந்த வீட்டில் என்னவோ இருக்கிறது என்று ஆளாளுக்குக் கிளப்பிவிட்டார்கள். வேறு வேலை கிடையாது அவர்களுக்கு.

அன்றைக்கு டிஸ்மிஸ் ஆர்டர் பிறந்தது. அத்திப்பள்ளிப் பக்கம் கிரானைட் யார்டு வைத்திருக்கும் மஞ்சுநாத் என்பவருக்கு ஜெயராஜ் போன் போட்டார்.

"கடிக்குதா சார்?" என்றார் மஞ்சுநாத்.

"கடிக்குது."

"ரொம்ப சந்தோஷம் சார். கடிக்கிற நாய்தான் நமக்கு பேக்கு, அதான் வேணும். ராத்திரி லோடு திருடறானுங்க. சங்கிலியில கட்டி கேட்டுகிட்ட போட்ருவேன். வெறிநாய் ஊசி மட்டும் போட்டுக் குடுத்துடுங்க சார், சனிக்கிழமை வண்டி அனுப்பறேன்."

டோரதி கேட்டுக்கொண்டு நின்றாள். போனை வைத்ததும், "கல்லுக் குவியலுக்குக் காவலா? அது உங்க செருப்ப விட்டு நகராது. அங்க செத்துரும்" என்றாள்.

"சாகட்டும். சாமியார் மேல வாய் வெச்சுதில்ல?"

சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அன்று சோறு இறங்கவில்லை. குழாயடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காலடி வெறுமையாக இருந்தது. கொல்லைப்புறம் போய் நாயைப் பார்த்தார். நாய் வாலை ஆட்டியது. கட்டிப் போட்டவனைப் பார்த்து வாலை ஆட்டுகிறதே என்று அதன்மேலும் எரிச்சல் வந்தது. தன்னைத் தவிர எல்லோர்மேலும் அவருக்கு எரிச்சல் வரும். ஆர்டரை மாற்றவில்லை. போட்ட ஆர்டரை மாற்றினால் டைம் ஆபீஸே இடிந்து விழுந்துவிடுமாம்!

சனிக்கிழமை காலை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டோக்காரன் நாயைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான், ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் கர்னல் தலையை வெளியே நீட்டி அல்சூர்க் காற்றை மோந்துகொண்டு வந்தது. எங்கே போகப் போகிறோம் என்று அதற்கு என்ன தெரியும்?

மிருக டாக்டர் மமதா சின்னப் பெண். அதுவே ஜெயராஜுக்குப் பிடிக்கவில்லை. ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே, "இவன் கோபக்காரனா அங்கிள்?" என்றாள்.

"கோபம் இல்ல, திமிரு. மூஞ்சியத் தொட்டா கடிக்க வரான்."

அவள் கை நின்றது. "முதுகைத் தொட்டா?"

"ஒண்ணும் பண்ண மாட்டான்."

"கால்? வயிறு?"

"அதெல்லாம் எவன் வேணா தொடலாம்."

"அப்ப திமிரு மூஞ்சில மட்டும்தான் இருக்கா அங்கிள்?"

அந்தப் பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நாயின் முகத்தை எட்ட இருந்தே பார்த்தாள். வலது கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மெடிக்கல் லீவுக் கள்ளர்களைத் தேடிய மனிதர், தினம் தீனி போட ஒரு கை, கொஞ்ச ஒரு கை என்று பழகிய முகத்தில் அதைப் பார்த்ததே இல்லை.

"பிடிச்சுக்கோங்க. ஸ்வல்பம் டைட்டா. உதட்டைத் தூக்கிப் பாக்கணும்."

மேசைமேல் கர்னலின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு அணைத்துப் பிடித்தார். அவள் உதட்டைத் தூக்கினாள். நாற்றம் முகத்தில் அடித்தது. மேல்தாடையின் பெரிய பல் நெடுக்குவாட்டில் பிளந்து, ஒரு சில்லு ஈறோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சீழ்.

"இது ரொம்ப நாளா இருக்கு அங்கிள். சீழ் கண்ணு வரைக்கும் ஏறியிருக்கு. எலும்பு குடுப்பீங்களா? பெரிய எலும்பு?"

"ஞாயித்துக்கெழம" என்றார். கை தானாக நாயின் கழுத்தைத் தடவியது. உடனே பழைய ஜெயராஜ் எழுந்துகொண்டார். விடுவாரா? "ஆனா அவன் கத்தவே இல்லையே டாக்டர். ஒரு தடவகூட ஊளை விடல. ஓடுவான், திம்பான். வலிச்சா கத்த மாட்டானா?"

மமதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். படித்த பெண் பெரியவர்களைப் பார்க்கிற மரியாதையெல்லாம் அந்தப் பார்வையில் இல்லை.

"நாய் வலியைக் காட்டாது அங்கிள். மறைச்சுக்கும். தொடாதேன்னு மட்டும் சொல்லும். அதைத்தான் இத்தனை நாளா சொல்லிட்டு இருந்திருக்கு. நீங்க என்ன பண்ணீங்க?"

செய்தித்தாளால் அடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவள் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. வலிக்கு ஊசி தருகிறேன், மத்தியானம் மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் கீழ்வரிசையையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றாள்.

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. நாயை விடாமல் ஒரு கையால் எடுத்தார். மஞ்சுநாத்.

"சார், வண்டி உங்க வீட்டாண்ட வந்துட்டுது. ஊசி ஆச்சா?"

"நாய் வராது."

"ஏன் சார்? கடிக்கிற நாய்னு நீங்கதானே..."

"கடிக்காது. அது யாரையும் கடிக்காது. வண்டியத் திருப்பிக்கிட்டுப் போங்க." போனைப் பையில் போட்டார். முதல் தடவையாக ஒரு ஆர்டரை ரத்து செய்தார், எதுவும் இடிந்து விழவில்லை.

மமதா கையுறை மாட்டிய விரலை உள்ளே விட்டாள். விரல் அந்தப் பிளந்த பல்லின் ஓரத்தில் உரசியிருக்க வேண்டும். கர்னலின் உடம்பு முழுக்க ஒரு உதறல் ஓடியது, பின்னங்கால்கள் மேசையில் வழுக்கின. கடிக்கவில்லை. உறுமவில்லை. இத்தனை நாளும் தன்னை அடித்தவனின் அக்குளுக்குள் முகத்தைச் செருகிக்கொண்டு, அங்கேயே மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. சட்டை வழியாக அந்த நடுக்கம் அவர் விலா எலும்பு வரைக்கும் வந்தது.

"கத்துடா" என்றார் ஜெயராஜ்.

மமதா கையை எடுத்துவிட்டாள். "என்ன அங்கிள்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. நாயின் காதில் வாயை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வலிக்குது என்று சொன்னவனைப் பார்த்துக் காலம் முழுக்க மூக்கால் சிரித்த மனிதர், மூக்கு ஒழுக, அழுதுகொண்டே கெஞ்சினார். "கத்துடா கண்ணு. வலிக்குதுன்னு ஒரே ஒரு தடவ கத்துடா. கத்தித் தொலையேன்டா."

கர்னல் கத்தவில்லை. பக்கத்து அறையில் காத்திருந்தவர்களுக்கு ஜெயராஜின் சத்தம்தான் கேட்டது.