சாதியா வட்டம் போட்ட இடம்

என் தங்கை சாதியா ஜெயித்ததையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் அவளை நார்மல் டெக்னிக்கல் பிரிவில் போட்டார்கள். இவளுக்குக் கணக்கு வராது என்று முடிவே கட்டியிருந்தார்கள். அங்கிருந்து ஐடிஇ என்ற தொழிற்கல்விக் கழகத்துக்குப் போய் மின்னணுவியலில் முதல் பரிசு வாங்கினாள். அடுத்து பாலிடெக்னிக். பல்கலைக்கழகம் முதலில் இடம் மறுத்தது; மறு வருடம் கொடுத்தது. வெளிநாட்டில் முனைவர் பட்டம். உலகம் முழுக்கப் போட்டி போடும் எக்ஸ்ரே தொலைநோக்கியில் தன் ஆராய்ச்சிக்கு நேரம். கடைசியாக, சிங்கப்பூரிலேயே ஆராய்ச்சி வேலை. அது ஒப்பந்த வேலை. அதுதான் இப்போது போய்விடுமோ என்று இருக்கிறது.

நான் சம்சுன்னிசா, அவளுடைய லாத்தா, அதாவது அக்கா. தேக்கா சந்தை மாடியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். அவள் வேலையை அவள் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். சில விண்மீன் மண்டலங்களின் நடுவில் பெரிய கருந்துளை இருக்கிறது. அதற்குள் விழப்போகும் பொருள் கொதித்து எக்ஸ்ரே வீசும். நம் காற்று அதைத் தடுத்துவிடுவதால், தொலைநோக்கியை வானத்துக்கு அனுப்பித்தான் பார்க்கிறார்கள். படத்தில் அந்த நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் இன்னொரு வட்டம். முதல் வட்டத்தில் உள்ள வெளிச்சத்திலிருந்து இரண்டாவதில் உள்ளதைக் கழித்தால், மிஞ்சுவது கருந்துளையைச் சேர்ந்தது.

சென்ற மாதம் அவள் பார்த்துவந்த ஒரு மண்டலத்தின் நடுப்பகுதி திடீரென்று மங்கிவிட்டதாகக் கணக்கு வந்தது. அவள் குழுத் தலைவர் டாக்டர் ஷங்கர் உடனே குழுவின் பெயரில் உலகத்துக்கே அவசர அறிவிப்பு அனுப்பினார். மற்ற நாட்டுக்காரர்களும் தங்கள் தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்ப ஏற்பாடு செய்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோ பாயோவில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். மடிக்கணினியைத் திறந்தபடியே சாப்பிட்டாள். பாதியில் கை நின்றது. மீன் ஆணம் விரல்களில் காய்ந்துகொண்டிருந்தது.

"லாத்தா, தப்புப் பண்ணிட்டேன்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும். இந்த ரெண்டாவது ரவுண்ட் இருக்குல்ல, இது காலி இடம் இல்ல. அந்த மண்டலத்தைச் சுத்திச் சூடான வாயு பரவிக் கிடக்கு. இந்தத் தடவை அது மேலயே போட்டிருக்கேன். அதனால கூடுதலா கழிச்சுட்டேன். அது மங்கவே இல்ல."

"இத்துனூண்டு வட்டத்துக்கா சோத்தை வெச்சுட்டு உக்காந்திருக்கே?"

"இத்துனூண்டா? உள்ள லட்சம் ஒளியாண்டு இருக்கு, லாத்தா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

டாக்டர் ஷங்கரைக் கூப்பிட்டாள். கையைக் கழுவாததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பேனிக் ஆகாதே லா," என்றார் அவர். "உன் கான்ட்ராக்ட் மீட்டிங் இந்த வாரம் வருது. அது முடியட்டும். அப்புறம் கரெக்ஷன் போடலாம்."

"நாளைக்கே ஒரு டெலஸ்கோப் திரும்புது, ப்ரொஃப். ஒரு ஸ்டூடண்டோட டைமைப் பிடுங்கி இதுக்குக் குடுத்திருக்காங்க."

"உனக்கு அவ்வளவு அவசரம்னா உன் பேர்ல மட்டும் போடு. குரூப் பேர் வேணாம். மீட்டிங்ல நான் என்ன பேசுவேன்னு இப்பவே சொல்ல முடியாது."

போனை வைத்துவிட்டார். குழாயைத் திறந்து அவள் வெகு நேரம் கை கழுவினாள். "கொஞ்சம் பொறுத்துப் போடேன், புள்ள. மீட்டிங் முடிஞ்சிடட்டும்," என்றேன்.

"இப்பப் போட்டா, ஐடிஇ-ல இருந்து வந்தவ, அதான் இப்படின்னு சொல்வாங்க. பொறுத்திருந்து மாட்டிக்கிட்டா, ஐடிஇ-ல இருந்து வந்தவ, அதான் மறைச்சான்னு சொல்வாங்க. ரெண்டுக்கும் பயமாத்தான் இருக்கு, லாத்தா. ஆனா அந்த ஸ்டூடண்டுக்கு நாளைக்கு நேரம் திரும்பக் கிடைக்கணும்."

உட்கார்ந்து தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். முடித்ததும் எனக்குத் தமிழில் சொன்னாள்: முந்தைய அறிவிப்பு தவறு. மங்கியது உண்மையல்ல. கழிப்பதற்கு எடுத்த வட்டத்தில் வாயு இருந்தது. தொலைநோக்கிகளைத் திருப்ப வேண்டாம். வட்டத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

"அந்தக் கடைசி வரி எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது இல்லாட்டி மத்தவங்க மேல சந்தேகம் வரும்."

அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்தாள். பிறகு அழுத்தினாள்.

அந்த மாணவருக்கு நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒப்பந்தக் கூட்டமும் நடந்து முடிந்தது. முடிவை மட்டும் இன்னும் சொல்லவில்லை. போன் ஒலித்தால் நாங்கள் இருவருமே முதலில் எடுப்பதில்லை.

அதுவரை அவள் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பலர் பெயருக்கு நடுவில்தான் வந்திருந்தது. உலகத்துக்கு அனுப்பும் அறிவிப்பின் கீழே தன் பெயரை மட்டும் போட்டு அவள் முதன்முதலாக ஒப்பமிட்ட நாள்: 2025 செப்டம்பர் 14.