குண்டானில் உப்புத் தண்ணீர்

நான்காம் வகுப்பு படிக்கும்போது, என் சித்தி எனக்கு மருந்து வைத்துவிட்டாள் என்று நான் உறுதியாக நம்பினேன். காய்ச்சல் மருந்து இல்லை. சோற்றில் கலந்து கொடுத்து ஆளையே கைக்குள் போட்டுக்கொள்கிற மருந்து. எங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்தில் ஒருவன் கல்யாணத்துக்குப் பிறகு பெண்டாட்டி பேச்சைக் கேட்டால், அந்த மருந்து அவன் வயிற்றுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். பெண்டாட்டி நியாயமாகப் பேசியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

சித்தப்பா ஐஸ் வண்டி ஓட்டினார். கோடியக்கரைக்கு ஐஸ் கொண்டுபோய் மீனோடு திரும்புவார். ஒரு தடவை மீனோடு சித்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார், கழுத்தில் தாலியோடு. நாங்கள் வயல்காரர்கள், அவள் படகுக்காரர் மகள். அப்பா துபாயில் இருந்ததால் அவரால் அங்கிருந்தபடி கோபப்பட மட்டுமே முடிந்தது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, பக்கத்துத் தெருவிலேயே இருந்தாள். அவள் தினமும் நேரில் வந்து கோபப்பட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவாள்.

ஆனால் சித்தி மீன்குழம்பு வைத்த முதல் நாளே நான் கட்சி மாறிவிட்டேன். அதுவரைக்கும் வண்டியில் வந்த கடல்மீனையெல்லாம் வாய்க்கால் கெண்டை மாதிரி குழம்பு வைத்துக் கெடுத்துக்கொண்டிருந்தோம் என்று அன்றுதான் தெரிந்தது. சித்தி மூக்காலேயே சமைப்பாள். மூடியைத் திறந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பாள், ஒரு சிட்டிகை உப்பு போடுவாள், மூடிவிடுவாள். ரொம்பச் சந்தேகம் வந்தால்தான், “தம்பி, இங்க வா, உப்பு பாரு” என்று என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவாள். நான் அறிஞன் மாதிரி கண்ணை மூடி நக்கிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் விடுங்க, சரியாத் தெரியல” என்பேன். அந்தப் பதவியில் எனக்குப் பெருமைதான்.

பெருமையைக் கெடுத்தவள் அத்தை. எல்லோரும் மீன் சாப்பிட, சித்தி மட்டும் கடைசியாக உட்கார்ந்து தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் சாப்பிடுவதை அவள் கவனித்துவிட்டாள். அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாள்: “மீன்காரப் பொண்ணு மீனைத் தொடமாட்டாளாம். அப்ப கொழம்புல என்ன கெடக்குன்னு அவளுக்குத்தானே தெரியும்?”

குடத்தோடு பின்னால் நின்றிருந்த நான் கணக்குப் போட்டேன். அவள் சாப்பிடவில்லை. என்னைச் சாப்பிடச் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் இத்தனை நாளும் நான் பார்த்தது உப்பு இல்லை!

உடனே நோய் அறிகுறிகளை ஆராய்ந்தேன். சித்தப்பா சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். கழுவும்போது பாட்டு வேறு. அவர் கதை முடிந்தது. என் கதை? வெளியிலிருந்து வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே வா என்று சித்தி சொன்னதிலிருந்து நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். நான் பிறந்ததிலிருந்து அம்மா கத்தியும் கழுவாத கால். குடத்தோடு பம்பில் நின்றேனே, அதுவும் சித்தி சொல்லித்தான்! சோதனை செய்து பார்த்துவிடுவது என்று, அன்று மத்தியானம் சித்தி சாப்பிடக் கூப்பிட்டபோது, போகக்கூடாது என்று மாட்டுக்கொட்டகைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே வஞ்சிரக் குழம்பு. எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தச் சமயம் அம்மா பிள்ளை பெற்றிருந்தாள். தங்கச்சிக்குப் பால் போதவில்லை. சித்தப்பா கரையிலிருந்து பால்சுறா கொண்டு வருவார். சித்தி அதை அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்து அம்மாவுக்குக் கொடுப்பாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதுபோல் ஒன்றில்லை என்று கரையில் சொல்வார்களாம். மற்ற மீனை விறுவிறுவென்று அரிந்து தள்ளுகிறவள், சுறாவுக்கு மட்டும் வேறு மாதிரி. கிணற்றடியில் முதலில் ஒரு குண்டானில் தண்ணீர் நிரப்பி, கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கரைத்துப் பக்கத்தில் வைப்பாள். பிறகு சுறாவின் வயிற்றை உள்ளங்கையால் மெதுவாகத் தடவுவாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். அதன் பிறகுதான் அரிவாள்மணை. அந்தக் குண்டான் தண்ணீரை மீன் கழுவக்கூட எடுக்கமாட்டாள். வேலை முடிந்ததும் தென்னை மரத்தடியில் ஊற்றிவிடுவாள்.

வாழைக்குப் பின்னால் ஒளிந்து இதைப் பார்த்த எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணை மூடுவது மந்திரம். குண்டானில் இருப்பது மாற்று மருந்து. மந்திரம் தன் மேலேயே பாய்ந்துவிட்டால் குடிப்பதற்கு.

என் வகுப்பில் பின்வரிசைக்காரன் ஒருவன் இந்த விஷயங்களில் கெட்டிக்காரன். மாயவரம் பக்கம் ஒருத்தர் இருக்கிறார், தொப்புளில் குழாய் வைத்து மருந்தை உறிஞ்சி எடுப்பார், குடல் கொஞ்சம் கூட வந்தாலும் வரும் என்றான். குடல் எனக்கு வேண்டியிருந்தது. எனவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி சுறாவை அரிந்து உள்ளே எடுத்துப்போய்ப் புட்டு கிளறிக்கொண்டிருந்த சமயம், கிணற்றடிக்குப் போய் அந்தக் குண்டானைத் தூக்கி, மூச்சு விடாமல் பாதிக்கு மேல் குடித்துவிட்டேன்.

மாற்று மருந்து உடனே வேலை செய்தது. மருந்து, காலையில் தின்ற இட்லி, முந்தின நாள் தின்றது எல்லாம் வெளியே வந்தது. நடுவில் மூச்சு கிடைத்தபோதெல்லாம் அலறினேன். அந்த நேரம் பார்த்தா அத்தை காப்பிக்கு வரவேண்டும்?

“டேய், என்னடா தின்னே?”

“சித்தி மருந்து வச்சுட்டாங்க அத்தே! நான் செத்துருவேன்!”

வீடே கொல்லைக்கு ஓடி வந்தது. சித்தப்பா கையில் கழுவிக்கொண்டிருந்த தட்டு. சித்தி கையில் அம்மாவுக்காகப் போட்ட புட்டுத் தட்டு, ஆவி பறக்க. அத்தை இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள்.

“சின்னப் புள்ள வாயில வந்துருச்சு பாரு. இதுக்கு மேல நான் சும்மா இருக்கமாட்டேன். அந்தப் புட்டுல ஒரு வாய் நீ போட்டுக் காட்டு. இல்லைன்னா இன்னையோட இந்த வீட்டு அடுப்பை நீ தொடக்கூடாது. பொட்டியைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் கெளம்புங்க.”

“அக்கா, விடுக்கா” என்றார் சித்தப்பா.

“நீ பேசாத. நீ தட்டுக் கழுவு.”

நான் வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரே ஒரு வாய். போட்டுக்கொண்டால் எல்லாம் தீர்ந்துவிடும். போட்டுக்கொள்ளுங்க சித்தி என்று உள்ளுக்குள் வேண்டக்கூடச் செய்தேன். இனி வஞ்சிரத்துக்கு எங்கே போவது?

சித்தி தட்டைக் குனிந்து பார்த்தாள். குரல் உயரவில்லை.

“அண்ணி, வேற எது சொன்னாலும் செய்யறேன். இது மட்டும் என்னால ஆவாது.”

“ஏன் ஆவாது?”

“எங்கக்காவுக்குப் புள்ள பொறந்தப்ப பால் ஊறலன்னு எங்கப்பா பால்சுறா புடிச்சாந்தாங்க. என்னைத்தான் அரியச் சொன்னாங்க. வயித்தைக் கீறுனா உள்ள குட்டிங்க அண்ணி. உசுரோட. வாலை ஆட்டுதுங்க. அள்ளிக் குண்டான்ல போட்டுக்கிட்டு ஓடிப்போயி கடல்ல விட்டேன். திரும்பி வந்து தாயை அரிஞ்சு புட்டு வச்சுக் குடுத்தேன். அக்கா பசியோட இருந்துச்சு, குடுக்காம இருக்க முடியுமா? ஆனா அன்னையிலேருந்து எனக்கு எறங்கல. உங்களை யாரையும் நான் சாப்பிடாதீங்கன்னு சொல்லலியே. எனக்கு எறங்கல, அவ்வளவுதான்.”

அத்தை இடுப்பில் செருகிய சேலையை எடுத்துத் தொங்கவிட்டாள். அது நான் அதுவரை பார்த்திராத காட்சி.

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. “ஏ புள்ள, புட்டு ஆறுது பாரு. கொண்டா இங்க.”

அம்மா தங்கச்சியை மடியில் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தையைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் போட்டாள். இன்னொரு வாய். தட்டு பாதியானதும் அத்தை பக்கம் நீட்டினாள். அத்தை ஒரு விரல்நுனி அளவு எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கி, “பூண்டு கொஞ்சம் தூக்கல்” என்றாள். எங்கள் அத்தைக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த வாரம் தன் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கொண்டுவந்து, யாருக்கு என்று சொல்லாமல் சித்தி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

என்னை யாரும் அடிக்கவில்லை. சித்தி மட்டும் மோர் கொடுத்து, “பொய் சொல்றதுக்காச்சும் வயித்துல எதாவது இருக்கணும், குடி” என்றாள். குடித்தேன். மறுபடியும் அவள் சொன்னபடி செய்துவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சித்தி இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஊருக்குப் போனால் எனக்கு இன்றும் வஞ்சிரம்தான்; இன்றும் மூக்கால்தான் உப்பு பார்க்கிறாள். நானும் பல தடவை மீனை விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விட்டால் ஞாயிற்றுக்கிழமை வரை நிச்சயமாகத் தாங்கும். என் மகள் வேறு ரகம். கல்லூரிக்குப் போன இடத்தில் வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், நெய் ஒன்றும் கிடையாது. காரணம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வாள். நான் காப்பியை மறைத்துக்கொண்டு கேட்பேன். போன பொங்கலுக்கு, என் மானத்தை வாங்கும் இந்தக் கதையைச் சித்தியே அவளுக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு என் மகள், இத்தனை வருஷம் எனக்குத் தோன்றாத ஒன்றைக் கேட்டாள்.

“அந்த உப்புத் தண்ணி எதுக்கு?”

“குட்டி இருந்தா விடறதுக்கு” என்றாள் சித்தி.

“ஐஸ்ல வந்த மீனாச்சே சித்தி!” என்றேன் நான். “உள்ள இருந்தாலும் எப்படி உசுரோட இருக்கும்?”

“ஐஸ் வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாதாடா?”

தங்கச்சி பால் மறக்கும் வரைக்கும் சித்தி வாராவாரம் சுறா அரிந்தாள். ஒவ்வொரு தடவையும் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்; ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. ஒரு தடவைகூட உள்ளே குட்டி இல்லை. அந்தத் தண்ணீரால் ஆன உபயோகம் ஒன்றே ஒன்றுதான். அதை நான் குடித்தேன்.