குசினிக்குள் முடிய வேண்டிய ஜெபம்

கொழும்பு பஸ் காலை ஆறரைக்கு மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. நான்கு நாள் மழையில் வாவி ரோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. புளியந்தீவில் தோழி ரஞ்சியின் குசினியில் அதற்குள் சோறும் பருப்பும் வெந்துவிட்டன. வெள்ளத்தால் வீட்டைவிட்டு வந்தவர்களுக்கு அறுபது பார்சல் கட்டினோம். ஊர் பார்க்க வந்தவள் இல்லை, உதவ வந்தவள் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் இருந்தது.

பத்தரைக்கு ஆட்டோ. தன்னாமுனை தாண்டி வாவிக்கரைக் கிராமம் ஒன்றுக்குப் பத்துக் கிலோமீற்றர், ஆயிரத்து இருநூறு ரூபாய். ஏறாவூர்க்காரரான டிரைவர் பார்சல்களை என் மடியில் அடுக்கிவிட்டு, இடம் போதாவிட்டால் கூரையில் ஏறச் சொல்லிச் சிரித்தார்.

பதினொன்றேகாலுக்குச் சர்ச் மண்டபம் சேர்ந்தோம். தங்கியிருந்தவர்கள் வாவியில் மீன்பிடிக்கும் இந்துக் குடும்பங்கள். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு சோறு கண்டிருக்கவில்லை. வத்தளையில் எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் ஒரு வாய் உள்ளே போகாது. அந்தப் பழக்கத்தில், பார்சல்களை மேசையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் எழுந்து கண்ணை மூடச் சொன்னேன். நான் கண்ணைத் திறந்தபோது வசந்தி என்ற இளம் தாய் மகளைத் தூக்கிக்கொண்டு மழையில் போய்க்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர், இன்னும் ஏறுகிறது என்றார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன ரோசம் என்று ரஞ்சியிடம் பொரிந்தேன். அவள் இரண்டு பார்சலையும் குடையையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன். மதகடியில் வசந்தியைப் பிடித்தோம்.

"நாங்களும் கோயிலுக்குப் போறதான்," என்றாள் வசந்தி. "சோத்துக்காக உங்கட சாமியக் கும்பிட்டா, அது ஒரு கும்பிடா கா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பிழை எங்கட," என்றாள் ரஞ்சி. "ஜெபத்த குசினிக்குள்ளயே முடிச்சிட்டு வந்திருக்கோணும். நீ மண்டபத்துக்கு வந்தாலும் வராட்டியும் நாளைக்கும் சோறு வரும். முதல்ல புள்ளைக்குக் குடு."

மதகின் மேல் உட்கார்ந்து பிள்ளை தின்று முடிக்கும்வரை நான் குடை பிடித்தேன். பின்னேரம் வசந்தி பாயைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து மண்டபக் குசினியிலேயே சமைத்து, ஜெபத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டோம். வெளியே சோறு வந்ததும் பரிமாறல்தான், வேறு பேச்சில்லை. வத்தளை மேசையில் இனியும் ஜெபித்துத்தான் சாப்பிடுவேன். ஆனால் பசித்தவருக்கும் சோற்றுக்கும் நடுவே என் ஜெபம் இனி ஒருநாளும் நிற்காது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நான் புறப்பட்ட காலை, வசந்தி எங்களோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். உலை கொதித்தது. அவள் பக்கத்தில் இருந்ததால் ரஞ்சியும் நானும் ஜெபிக்கத் தயங்கி நின்றோம். அவள் துருவலையை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"நீங்க கும்பிடுங்க கா," என்றாள். "நான் அடுப்பப் பாத்துக்கிறன்."